பழைய கணக்கெடுப்பு ஏடுகளில் உறவுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ வாழ்ந்த ஒரு குடும்பத்தின் வம்சாவளியைத் தேடுபவர்களுக்கு முதலில் கைகொடுப்பது பெரும்பாலும் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுதான். ஒரு வீட்டில் இருந்தவர்களின் பெயர்களும் வயதுகளும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வருவதால், பார்த்த மாத்திரத்தில் தந்தை, தாய், பிள்ளைகள் என்று மனம் கிளை வரைந்துவிடுகிறது. ஏட்டில் எழுதியிருப்பது ஒன்றாகவும் நாம் அதில் ஏற்றிப் படிப்பது வேறொன்றாகவும் இருப்பதே இத்துறையில் நேரும் பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம்.

முதல் தவறு, எழுதப்படாத உறவை எழுதியதாகக் கொள்வது. அமெரிக்கக் கூட்டாட்சிக் கணக்கெடுப்பில் 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே உண்டு. மற்றவர்கள் வயதுப் பிரிவுக்குள் வெறும் எண்ணிக்கையாக அடங்கிவிடுகிறார்கள். அடிமைப்படுத்தப்படாத அனைவரையும் பெயரோடு எழுதும் வழக்கம் 1850இல் வந்தது என்றாலும், 1850, 1860, 1870 ஆகிய மூன்று ஏடுகளிலும் உறவைக் குறிக்கும் பத்தியே கிடையாது; அது 1880இல்தான் சேர்க்கப்பட்டது. ஆகவே 1860ஆம் ஆண்டு ஏட்டில் முப்பத்தைந்து வயது ஆணும் முப்பது வயதுப் பெண்ணும் ஒரே குடும்பப் பெயரோடு அடுத்தடுத்து இருந்தால், அவர்கள் கணவன் மனைவியாகவும் இருக்கலாம், மணமாகாத அண்ணன் தங்கையாகவும் இருக்கலாம். தாய் தந்தை, அவர்களுக்குப் பின் மூத்த பிள்ளை தொடங்கி வயது வரிசையில் மற்றவர்கள், இறுதியாகத் தங்கியிருப்பவர்களும் பணியாளர்களும் என்ற ஒழுங்கில் எழுத வேண்டும் என்பது கணக்கெடுப்பாளருக்கு 1850இல் தரப்பட்ட அறிவுரை. அந்த வயது வரிசை முடிந்த பிறகு தனியே ஒரு சிறுவனின் பெயர் வந்தால், அவன் பெற்றோரை இழந்த உறவுக்காரப் பிள்ளையோ பேரனோ என்று ஐயுறுவது நல்லது. இது தடயமே தவிரச் சான்று ஆகாது.

அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினக் குடும்பங்களைத் தேடுவோர் இங்கே இன்னும் கனத்த சுவரை முட்டுகிறார்கள். 1850, 1860 ஆண்டுகளின் தனி ஏடுகளில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே அவர்களின் வயதும் பாலும் நிறமுமே பெரும்பாலும் உள்ளன, பெயர் அரிது. அவர்களில் மிகப் பலர் பெயரோடு இடம்பெறும் முதல் கணக்கெடுப்பு 1870. உறவு எழுதப்படுவதோ 1880. இடையில் இருக்கும் அந்த வெறுமையை ஊகத்தால் நிரப்புவதைவிட, வெறுமையாகவே விட்டு வேறு ஆவணங்களைத் தேடுவதுதான் அம்மனிதர்களுக்கு நாம் செய்யும் மரியாதை என்று கருதுகிறேன்.

உறவுப் பத்தி வந்த பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது: அதில் உள்ள உறவு குடும்பத் தலைவரோடு மட்டுமே. ‘மகன்’ என்றால் தலைவரின் மகன். அவருடைய மனைவிக்குப் பிறந்தவன் என்று அந்தச் சொல் உறுதி சொல்லவில்லை. இதைக் கண்டறிய அதே வரியின் மற்றப் பத்திகளைப் படிக்க வேண்டும். 1900ஆம் ஆண்டு அமெரிக்க ஏட்டில் மணமாகி எத்தனை ஆண்டுகள், அந்தப் பெண் எத்தனை பிள்ளைகளைப் பெற்றாள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற கேள்விகள் உண்டு. மணமாகி ஆறு ஆண்டுகள், பெற்றது மூன்று பிள்ளைகள் என்று எழுதியிருக்க, வீட்டிலோ பதினான்கு வயது முதல் ஒரு வயது வரை ஐந்து பிள்ளைகள் இருந்தால், மூத்த இருவரும் பெரும்பாலும் முதல் தாரத்துப் பிள்ளைகளாகவே இருப்பார்கள். 1880 முதல் ஒவ்வொருவரின் தந்தை, தாய் பிறந்த இடங்களும் தனித்தனியே கேட்கப்பட்டன. பிள்ளையின் வரியில் தாய் பிறந்த இடம் ஒன்றாகவும், வீட்டுத் தலைவியின் வரியில் அவள் பிறந்த இடம் வேறாகவும் இருந்தால், அங்கே நின்று யோசிக்க வேண்டும். மாறாக, மனைவி முதல் மணத்தில் பெற்றுத் தன்னோடு அழைத்துவந்த பிள்ளைகளும் புதிய கணவரின் குடும்பப் பெயரோடு வெறும் ‘மகன்’, ‘மகள்’ என்று பதிவாகியிருப்பது உண்டு. வீட்டில் பதினெட்டு வயது மகள் இருக்க, நாற்பத்தெட்டு வயதுத் தாய்க்குக் கைக்குழந்தை காட்டப்பட்டிருந்தால், அது பேரக்குழந்தையாக இருக்கக்கூடும்.

ஆங்கில உறவுச் சொற்களை இன்றைய பொருளில் படிப்பது அடுத்த தவறு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஏடுகளில் ‘சன் இன் லா’ என்பது மருமகனை மட்டுமல்ல, மனைவியின் முந்தைய மணத்து மகனையும் குறித்தது. ‘மதர் இன் லா’ என்பது மாமியாராகவோ மாற்றாந்தாயாகவோ இருக்கலாம். பத்து வயதுச் சிறுவனை ‘சன் இன் லா’ என்று கண்டால் குழம்ப வேண்டியதில்லை. ‘கசின்’ என்ற சொல்லோ பெரியப்பா மகனையும் அத்தை மகனையும் மாமன் மகளையும் ஒன்றாக்கிவிடுகிறது. தமிழில் எழுதும்போது நாமாக ஒன்றைத் தேர்ந்து, தந்தை வழியா தாய் வழியா என்பதைத் தெரியாமலே தீர்மானித்துவிடக் கூடாது. இங்கிலாந்தின் பழைய ஏட்டில் ‘தத்து’ என்று இருந்தால் நீதிமன்றப் பதிவைத் தேடி அலைய வேண்டாம். அங்கே சட்டப்படி தத்தெடுக்கும் முறை 1926ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்பவையும் எப்போதும் தந்தை மகன் அல்ல. ஒரே ஊரில் ஒரே பெயருடைய இருவரை வேறுபடுத்தவும் அவை பயன்பட்டன.

வயதும் நாளும் தனிக் கவனம் கேட்பவை. இங்கிலாந்தின் 1841 ஏட்டில் உறவு கிடையாது என்பதோடு, பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதும்படி அறிவுரை இருந்தது. 34 வயதுக்காரர் 30 ஆனார். அதை அப்படியே நம்பினால் அண்ணனும் தம்பியும் இரட்டையராகத் தோன்றுவார்கள். மேலும், இங்கிலாந்தில் கணக்கெடுப்புக்குக் குறித்த இரவில் வீட்டில் தங்கியவர்களே எழுதப்பட்டார்கள்; கடலுக்குச் சென்ற கணவர் இல்லாமல் போக, விருந்துக்கு வந்தவர் இடம்பெறுவார். அமெரிக்காவில் 1850 முதல் 1880 வரையிலும் 1900இலும் ஜூன் 1 என்ற நாளே அளவுகோல். கணக்கெடுப்பாளர் ஆகஸ்டில் கதவைத் தட்டினாலும், ஜூலையில் இறந்தவரைச் சேர்க்கவும் ஜூலையில் பிறந்த குழந்தையை விடவும் வேண்டும் என்பது விதி. ஒருவர் ஏட்டில் இல்லை என்பதாலேயே அவர் இறந்துவிட்டார் என்று வம்சாவளியில் குறித்துவிடாமல், முன்னும் பின்னுமான கணக்கெடுப்புகளையும், தேவாலயப் பதிவுகளையும், உயில்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே கிளையை வரைய வேண்டும்.