பி20 ஓட்டத்தில் நாக்ஸ் ஏன் எகிறியது? என் அனுபவம்

சென்னையில் எங்கள் ஆய்வகத்தின் ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் டீசலில் புங்க எண்ணெய் பயோடீசலை 20 சதவீதம் கலந்து (இதுதான் பி20) ஓட்டினோம். புகை குறைந்தது, சரி. ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு (நாக்ஸ்) டீசலைவிட எக்கச்சக்கமாக ஏறியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2002-ல் பி20க்குச் சொன்ன சராசரி உயர்வு 2 சதவீதம்தான்.

புகைவாயுவை அளக்கும் அனலைசரில், அளவு தெரிந்த காலிப்ரேஷன் வாயு விட்டுப் பார்த்தேன்; பழுதில்லை. இன்ஜெக்டரும் நன்றாகவே இருந்தது. பயோடீசல் எளிதில் அமுங்காததால், எங்கள் இன்ஜினில் உள்ள வகைப் பம்பில் எரிபொருள் சற்று முந்தியே பீய்ச்சும்; நாக்ஸ் கூடும். அதனால் பீய்ச்சும் நேரத்தை (டைமிங்) பின்தள்ளினேன். நாக்ஸ் இறங்கியது, புகை ஏறிவிட்டது.

அப்புறம்தான் பதிவேட்டில் நேரம் கண்ணில் பட்டது. பி20 எல்லாம் முற்பகலில், வறண்ட மேற்குக் காற்றில். டீசல் எல்லாம் கடல்காற்று நுழைந்த பிறகு. காற்றிலுள்ள நீராவி எரியும் வெப்பத்தைத் தணித்து நாக்ஸைக் குறைக்கும். எங்கள் ஈரமானியோ ஏசி அறைக்குள் தொங்கியது. நாள் முழுக்க ஏறத்தாழ ஒரே எண். இன்ஜின் உறிஞ்சியது வெளிக்காற்றை!

இன்ஜினுக்குக் காற்று போகும் காற்றுப்பெட்டியின் வாயிலேயே, ஈரத்தை அளக்க உலர், ஈரக் குமிழ் வெப்பமானிகளை மாட்டினேன். இரண்டு எரிபொருளையும் ஒரே வேளையில் மாற்றி மாற்றி ஓட்டி, ஐஎஸ்ஓ 8178 என்ற இன்ஜின் புகைச் சோதனைத் தரநிலையின் முறைப்படி கிலோ உலர்காற்றுக்கு 10.71 கிராம் ஈரம் என்ற அடிப்படைக்குத் திருத்தினேன். உயர்வு சில சதவீதத்துக்குள் அடங்கி, மறுநாளும் அங்கேயே நின்றது. பெரிய நிம்மதி.

ஈரக் குமிழைச் சுற்றிய துணிக்குக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் உப்புப் படிந்து துணி விறைத்துவிடும், எண்ணும் தவறும்.