முதலில் முடி, பிறகு தோல்

லேபுக்குப் புதிதாக வருகிறவர்கள் நேரே லேசர் முன்னால்தான் போய் நிற்பார்கள். நான் அவர்களைக் கூட்டிப்போவது அகர் என்ற கடற்பாசி ஜெல்லியைக் காய்ச்சும் அடுப்புப் பக்கம்.

தோலுக்கடியில் இருக்கும் ரத்தக்குழாய்களை ஒளியும் ஒலியும் சேர்த்துப் படமெடுக்கிறோம், போட்டோஅகூஸ்டிக் (photoacoustic) முறை என்பார்கள். சங்கதி எளிது. 532 நானோமீட்டர் பச்சை லேசரைச் சில நானோநொடி மட்டும் தோல்மேல் அடிக்கிறோம். ரத்தத்தின் ஹீமோகுளோபின் அதை உறிஞ்சி, இம்மியளவு சூடாகி விரிகிறது. ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு சூடேறினாலே சுமார் 800 பாஸ்கல் அழுத்தம் எழும். அது ஒலியாகி மேலே வரும், தோல்மேல் வைத்த சென்சார் அதைப் பிடித்துப் படமாக்கும். ஒளி பட்டால் பொருள் சத்தம் போடும் என்று 1880-லேயே கிரகாம் பெல் கண்டுவிட்டார்.

முதல் நாளே கையை நீட்டாதீர்கள். உங்கள் தலைமுடி ஒன்றை அகரில் படுக்கவைத்து, உறைந்ததும் படமெடுங்கள். முடியே தெரியாவிட்டால் ரத்தக்குழாய் எங்கே தெரியப்போகிறது? ஒலி வந்துசேரும் நேரத்தை வைத்துப் போடும் ஆழக் கணக்கையும் அதிலேயே சரிபார்க்கலாம். அல்ட்ராசவுண்டில் ஒலி போய்த் திரும்புவதால் நேரத்தைப் பாதியாக்குவோம். இங்கே வரும் வழி மட்டும்தான். ஒரு மைக்ரோநொடிக்கு ஏறக்குறைய 1.5 மி.மீ. நான் பழக்கதோஷத்தில் பாதியாக்கிவிட்டு, 2 மி.மீ. ஆழத்தில் புதைத்த முடியை 1 மி.மீ.யில் பார்த்து ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

தோலுக்கு வந்தால், உள்ளங்கையில் தொடங்குங்கள். மேல்தோல் தடிப்புதான், ஆனால் முடி இல்லை, தோலுக்கு நிறம் தரும் மெலனினும் குறைவு. மெலனின் மிகுந்த இடத்தில் மேற்பரப்பே பெரிதாகக் கத்தி, கீழிருக்கும் குழாய்களை அமுக்கிவிடும்.

தோலுக்கும் சென்சாருக்கும் நடுவே பூசும் ஜெல்லின் டப்பாவை முந்தின இரவே தலைகீழாக நிறுத்திவிடுங்கள். குமிழிகள் வாய்ப்பக்கத்தை விட்டு மேலேறிவிடும். கடுகளவு குமிழி சிக்கினாலும் படத்தில் அந்த இடம் கறுப்பு ஓட்டைதான். இந்த அதிர்வெண்ணில் ஒலி காற்றைத் தாண்டி வராது. சென்சாரை அழுத்தவும் கூடாது. அழுத்தினால் நுண்குழாய்களில் இருந்த ரத்தம் ஒதுங்கிவிடும், திரை வெறிச்சோடும். மணிக்கட்டுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்தால் கை ஆடாது.

லேசரைத் திறக்குமுன் எல்லோரும் 532-க்கான கண்ணாடி போட வேண்டும், கூலிங்கிளாஸ் எடுபடாது. துடிப்பின் ஆற்றலை மீட்டரில் அளந்து, தோலில் சதுர செ.மீ.க்கு 20 மில்லிஜூலுக்குள் நிறுத்துங்கள். ஒரே இடத்தில் அடுத்தடுத்து அடித்தால் சராசரித் திறனுக்கான வரம்பையும் தனியாகப் பார்க்கவேண்டும்.

ஒளியைக் குவித்து எடுக்கும் கூர்மை ஏறக்குறைய 1 மி.மீ. ஆழம் வரைதான், அதற்குக் கீழே ஒளி சிதறிவிடும். மேலேயே குழாய்கள் பட்டைபட்டையாகத் தெரிந்தால் குவியம் நகர்ந்திருக்கிறது. அகரில் இருக்கும் முடியை மறுபடி வைத்துச் சரிபாருங்கள்.