எச்.ஐ.வி. உள்ளவருக்கு உதவப்போய் இறைநம்பிக்கையாளர்கள் செய்துவிடும் தவறுகள்

முதல் தவறு ஜெபக் குறிப்பிலேயே நடந்துவிடுகிறது. "நம் சகோதரர் ஒருவருக்கு ரத்தத்தில் ஒரு வியாதி, வேண்டிக்கொள்ளுங்கள்" என்று கூட்டத்தில் சொல்கிறார்கள். பெயரைச் சொல்லவில்லை என்ற நிம்மதி வேறு. ஐம்பது பேர் கூடும் இடத்தில் யார் மெலிந்துபோனார், யார் இரண்டு வாரமாக வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவர் தன் நிலையை உங்களிடம் சொன்னால், "இதை வேறு யாருக்காவது சொல்லலாமா?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். "வேண்டாம்" என்றால் அதில் உங்கள் கணவர் அல்லது மனைவியும் அடக்கம், குழுத் தலைவரும் அடக்கம். வீட்டுக்குப் போக ஒருவரோ இருவரோ போதும். அமைப்பின் பெயர் எழுதிய வண்டியில் ஆறு பேர் போய் இறங்க வேண்டாம். உணவுப் பொருள் கொடுக்கும்போது எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கென்று தனி நாள் வைத்தால் அந்த வரிசையே காட்டிக்கொடுத்துவிடும். தேவையுள்ள எல்லாக் குடும்பங்களோடும் சேர்த்துக் கொடுங்கள்.

வாழ்க்கைத் துணையிடம் அவர் இன்னும் சொல்லவில்லை என்றால், "நானே சொல்லிவிடுகிறேன்" என்று முந்தக் கூடாது. அடி விழலாம், வீட்டைவிட்டுத் துரத்தலாம். அதற்காகத் தள்ளிப்போடவும் முடியாது, துணைக்கும் பரிசோதனை வேண்டும். சிகிச்சை மையத்தின் ஆற்றுப்படுத்துநரிடம் கூடவே போய், அவர் முன்னிலையில் பேச உதவுங்கள். தொற்று ஏற்படக்கூடிய தொடர்பு நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால், துணைக்கு 28 நாள் தடுப்பு மருந்து தொடங்கவும் வாய்ப்பு இருக்கிறது.

எல்லாவற்றிலும் கொடியது மாத்திரையில் கைவைப்பது. ஏ.ஆர்.டி. எனப்படும், எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்குப் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் ரத்தத்தில் வைரஸ் அளவு பரிசோதனைக்கே எட்டாதபடி குறைந்துவிடும். 'கண்டறியப்படவில்லை' என்று அறிக்கை வரும். அதைக் கையில் கொடுத்து, "குணமாகிவிட்டது, இனி மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு" என்று சாட்சி சொல்ல மேடை ஏற்றிவிடுகிறார்கள். வைரஸ் போய்விடவில்லை. நோய் எதிர்ப்பு அணுக்கள் சிலவற்றுக்குள் அது உறங்கிக் கிடக்கிறது. அந்த நிலையில் மருந்தால் அதை அழிக்க முடியாது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே மறுபடி பெருகும். விட்டு விட்டுச் சாப்பிட்டாலோ மருந்துக்கு மசியாத வைரஸ் தலையெடுத்து, அதுவரை கைகொடுத்த மருந்தும் பயனற்றுப் போகலாம். ஜெபியுங்கள், மாத்திரை நேரம் வந்ததும் தண்ணீர் எடுத்துக் கொடுங்கள்.

விரதம், நோன்பு நாள்களிலும் இதே கவனம் வேண்டும். இப்போது பரவலாகத் தரப்படும், டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரை நாளுக்கு ஒன்றுதான். பொதுவாகச் சாப்பாட்டோடும் எடுக்கலாம், வெறும் வயிற்றிலும் எடுக்கலாம். ஆகவே மருத்துவரைக் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ள முடியும், வேளையைத் தவறவிடத் தேவையில்லை. வெறும் வயிற்றில் எடுக்கும்போது இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைக் கூடவே போடக் கூடாது, மருந்து உடலில் சரியாகச் சேராது. டொலுடெக்ராவிரை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்னதாகவோ 6 மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்கான அமில எதிர்ப்பு மருந்துக்கும் இதே இடைவெளிதான், சாப்பாட்டோடு எடுத்தாலும். மூலிகை மருந்து கொடுக்க நினைப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் காட்டட்டும். காசநோய், கர்ப்பம், கடும் மெலிவு உள்ளவரை விரதம் இருக்கச் சொல்லி வற்புறுத்தவே கூடாது.

"எப்படி வந்தது?" என்று கேட்காதீர்கள். பதில் எதுவானாலும் தரவேண்டிய மருந்தும் சோறும் மாறப்போவதில்லை. கேட்பதன் உண்மையான பயன் ஒன்றே: குழந்தைக்கும் விதவைக்கும் இரக்கம், மற்றவர்களுக்குத் தீர்ப்பு என்று பிரித்துக்கொள்ளலாம். பைபிளில் பெருந்துன்பத்தில் விழுந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் செய்தார்கள். வாய் திறந்து காரணம் தேடத் தொடங்கியதும் எல்லாம் கெட்டது.

தொடப் பயப்படுவது இன்னும் ஒழியவில்லை. ரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், மலக்குடல் திரவம், தாய்ப்பால் இவற்றின் வழியாகத்தான் தொற்று பரவும். கட்டியணைப்பதாலும் ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் கண்ணீராலும் கொசுக்கடியாலும் பரவாது. உண்மையில் பயம் எதிர்ப்பக்கத்தில் இருக்க வேண்டும்: சி.டி.4 எனப்படும் நோய் எதிர்ப்பு அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 200க்குக் கீழே இறங்கியவருக்கு உங்கள் இருமல்தான் ஆபத்து. சளி, காய்ச்சலோடு பார்க்கப் போகாதீர்கள். அவருக்கு இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள், எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது காசநோய்தான்.

திருமணம் பற்றிய பழைய அச்சத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். மருந்தைத் தொடர்ந்து எடுத்து, வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 200 பிரதிகளுக்குக் கீழே நிலைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவாது. (தாய்ப்பாலுக்கு இந்த உறுதியை அப்படியே கொடுக்க முடியாது.) திருமணத்துக்கு முன் பரிசோதனைச் சான்றைக் கட்டாயமாகக் கேட்கும் அமைப்புகள் ஒன்றை மறக்கின்றன: அண்மையில் தொற்றியிருந்தால் முடிவு 'இல்லை' என்றே வரலாம். விரும்பிச் செய்துகொள்ளட்டும், முடிவு அவர்கள் கையில் மட்டும் போய்ச் சேரட்டும்.

தொற்றுடன் பிறந்த குழந்தையிடம் "சத்து மாத்திரை" என்று பொய் சொல்லச் சொல்லாதீர்கள். 6 முதல் 12 வயதுக்குள், புரிகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வதையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. காரணம் தெரியாமல் விழுங்கிய பிள்ளை, பதினைந்து வயதில் சலித்துப்போய் நிறுத்திவிடக்கூடும்.