கெர்னலில் மெமரி ஹெல்பர் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் கெர்னலுக்குப் புதிதாக டிரைவர் எழுதுபவர்களின் பேட்ச்களை, அதாவது அவர்கள் அனுப்பும் கோட் மாற்றங்களை, படிக்கும்போது, எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. மெமரியை விடுவிக்க மறப்பது, விடுவித்த பிறகும் தொடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். கேமெம்லீக், கேசான் போன்ற கருவிகள் அவற்றைப் பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். ஹெல்பரின், அதாவது மெமரி வேலையைச் செய்துதரும் சிறு துணை ஃபங்ஷனின், வடிவமைப்பிலேயே பதுங்கியிருப்பவைதான் ஆபத்து.

ரிட்டர்ன் மதிப்புக்கு ஆளுக்கொரு அர்த்தம்

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். யூசர் மெமரியிலிருந்து, அதாவது அப்ளிகேஷனின் மெமரியிலிருந்து, ஒரு மதிப்பை எடுக்க ‘கெட்_யூசர்’ இருக்கிறது. வேலை முடிந்தால் 0, முடியாவிட்டால் -14, அதாவது ஈஃபால்ட் பிழை. அதன் பக்கத்திலேயே, ஒரு தொகுதி பைட்டை எடுக்க ‘காப்பி_ஃப்ரம்_யூசர்’. முடிந்தால் இதுவும் 0தான். முடியாவிட்டாலோ, எத்தனை பைட் காப்பி ஆகவில்லையோ அந்த எண்ணிக்கையைத் தரும். மைனஸ் எண் வரவே வராது.

ஒரு டிரைவரின் ரைட் ஃபங்ஷனில், 0 வராவிட்டால் வந்த எண்ணை அப்படியே ரிட்டர்ன் செய்திருந்தார்கள். 100 பைட் கேட்டு ஒரு பைட்கூடக் காப்பி ஆகவில்லை என்றால் 100 திரும்பும். ரைட்டைப் பொறுத்தவரை 100 என்றால் நூறு பைட்டும் எழுதியாயிற்று என்று பொருள். முழுத் தோல்வி முழு வெற்றியாக அப்ளிகேஷனுக்குப் போய்ச் சேர்ந்தது! இன்னொருவர் பூஜ்யத்துக்குக் கீழே வந்தால் மட்டும் பிழை என்று சோதித்திருந்தார். அந்தச் சோதனை ஒருநாளும் பலிக்காது. காப்பி ஆகாத மிச்சத்தைக் கெர்னல் பூஜ்யங்களால் நிரப்பிவிடுவதால் சிஸ்டம் விழுவதுமில்லை. தரவு மட்டும் சத்தமில்லாமல் கெடுகிறது.

பாதியில் நின்றால் எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டியவர்களுக்கு அந்த எண்ணிக்கை தேவைதான். உங்கள் ஹெல்பரை அழைப்பவருக்குத் தேவையில்லை என்றால், உள்ளேயே -14 ஆக மாற்றிக் கொடுங்கள். கெர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணம் தெளிவாகவே சொல்கிறது: பெயர் ஒரு செயலைக் குறித்தால் 0 அல்லது பிழை எண், ஆமா இல்லையா என்று கேட்டால் பூலியன். இரண்டையும் ஒரே குடும்பத்தில் கலக்காதீர்கள்.

பாயிண்டரை (மெமரி முகவரியை) திருப்புபவற்றிலும் இதே சிக்கல். மெமரியை நகலெடுக்கும் ‘கேமெம்டப்’ தோற்றால் நல் (NULL, எதையும் சுட்டாத பாயிண்டர்) தரும். யூசர் மெமரியை நகலெடுக்கும் ‘மெம்டப்_யூசர்’ பிழை எண்ணையே பாயிண்டருக்குள் வைத்துத் தரும். அதை நல் சோதனை பிடிக்காது.

பெருக்கலை அழைப்பவர் தலையில் கட்டுவது

எண்ணிக்கையை அளவால் பெருக்கி அழைப்பவரே மொத்த பைட்டைத் தர வேண்டும் என்றால், விடை இடம் போதாமல் வழிந்துவிடலாம்: 65536 × 65536 என்பது 32 பிட்டில் 0. மெமரி ஒதுக்கும் ‘கேமல்லாக்’கிடம் 0 பைட் கேட்டால் நல் வராது, 16 என்ற முகவரி கொண்ட ஒரு சிறப்புப் பாயிண்டர் வரும். உங்கள் நல் சோதனை அதை விட்டுவிடும், அப்புறம் அதில் முதன்முதலில் எழுதும்போதே கெர்னல் விழும். ஹெல்பர் எண்ணிக்கையையும் அளவையும் தனித்தனியாக வாங்கட்டும். உள்ளே ‘கேமல்லாக்_அரே’ அல்லது ‘கேகாலாக்’ சோதித்துக்கொள்ளும். வால்பகுதியில் அரே உள்ள ஸ்ட்ரக்ட் என்றால் மொத்த அளவைக் கணக்கிட 2018 முதல் ‘ஸ்ட்ரக்ட்_சைஸ்’ இருக்கிறது.

ஜிஎஃப்பி கொடியை உள்ளே புதைப்பது

மெமரியை எப்படி ஒதுக்கலாம் என்று சொல்வது ஜிஎஃப்பி கொடி. ‘ஜிஎஃப்பி_கெர்னல்’ கொடுத்தால் ஒதுக்கீடு தூங்கக்கூடும், அதாவது காத்திருக்கக்கூடும். ஸ்பின்லாக் (பிடித்திருக்கும்போது தூங்கக் கூடாத பூட்டு) பிடித்திருப்பவர் உங்கள் ஹெல்பரை அழைத்தால்? கொடியை ஆர்க்யுமென்டாக வாங்குங்கள்.

ஆர்க்யுமென்ட் வரிசை

‘மெம்காப்பி’யில் போய்ச்சேரும் இடம் முதலில். உங்களுடையதிலும் அப்படியே.

ஜோடியில்லாத ஹெல்பர்

உள்ளே மெமரி ஒதுக்க ‘கேவிமல்லாக்’ பயன்படுத்தினால், அதை விடுவிக்க ‘கேவிஃப்ரீ’யை அழைக்கும் விடுவிப்பு ஹெல்பரையும் அதே பேட்சில் அனுப்புங்கள்.