மூட்டு மாற்றிய பிறகு நடையைக் கூட்டுவது எப்படி?

முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்ட பலருக்கு வலி போய்விடுகிறது, நடை மட்டும் கூடுவதில்லை. வலிக்குப் பயந்து வருடக்கணக்கில் நாற்காலியிலேயே இருந்த பழக்கத்தை அறுவை சிகிச்சை மாற்றாது. அதை நாம்தான் கணக்கு வைத்து மாற்றவேண்டும்.

முதல் இரண்டு வாரம் வாக்கரோடு ஐந்து நிமிட நடை, நாளைக்கு நான்கைந்து தடவை. அவ்வளவு போதும். உற்சாகத்தில் ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடந்தால் சாயங்காலம் கால் வீங்கும். வீங்கிய முட்டி மடங்காது. வலிக்கிறதே என்று மடக்காமல் விட்டால் விறைத்துவிடும். உட்கார்ந்திருக்கும்போதும் படுத்திருக்கும்போதும் மணிக்கு ஒருமுறை பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை அசையுங்கள். கெண்டைக்காலில் ரத்தம் உறையாமல் இருக்க அது உதவும்.

அதிகம் பேர் தவறுவது தலையணையில்தான். முட்டிக்கு அடியில் வைத்தால் சுகமாக இருக்கும். ஆனால் அந்த மடக்கத்திலேயே முட்டி இறுகிப்போனால் பிறகு கால் நேராகாது, நொண்டல் நிலைத்துவிடும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். தொடையை இறுக்கி, முட்டியின் பின்பக்கத்தை மெத்தையை நோக்கி அழுத்தி, ஐந்து விநாடி பிடித்து விடுங்கள். பத்து தடவை, மூன்று வேளை. வலி மாத்திரை போட்டு அரை மணி கழித்துச் செய்தால் எளிது. மடக்குவதில் இரண்டு வாரத்துக்குள் 90 டிகிரி, ஆறு வாரத்தில் 110 அளவுக்கு வந்தால் நல்லது.

மூன்றாம் வாரத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். கூட்டியது சரியா என்பதை மறுநாள் காலையில் முட்டியே சொல்லும். தையல் டேப்பால் முட்டிச்சில்லின் நடுவே சுற்றி அளந்து, நாட்காட்டியிலேயே குறித்துவையுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடி, தொட்டால் சூடும் அதிகமாக இருந்தால் அன்றைக்கு நடையைப் பாதியாக்குங்கள். நிறுத்திவிடாதீர்கள். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம். லேசான வீக்கம் சில மாதம்வரை இருப்பது சகஜம். முட்டியின் வெளிப்பக்கம் மரத்திருப்பதும் நடக்கையில் 'டக்' என்று கேட்பதும்கூட அப்படித்தான்.

கைத்தடிக்கு மாறும்போது அறுவை செய்த காலுக்கு எதிர்க் கையில் பிடியுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில்.

மூன்று மாதம் தாண்டியதும் நாளைக்கு 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் வேகநடை என்பது பெரும்பாலோருக்கு எட்டும் இலக்கு. சைக்கிள் என்றால் சீட்டை உயர்த்தி வையுங்கள். புண் முழுதும் ஆறி, மருத்துவர் சரி என்ற பிறகு நீச்சல். ஓட்டமும் குதிக்கும் விளையாட்டும் வேண்டாம். புது மூட்டின் உலோகப் பாகங்களுக்கு நடுவே இருக்கும் பிளாஸ்டிக் தகடுதான் அந்த அடியை வாங்கித் தேயும். தரையில் சம்மணம், குந்தி உட்காரும் கழிப்பறை இரண்டையும் மறந்துவிடுவதே நல்லது. வீட்டில் இதில்தான் சண்டை வரும். கோயில் பிரகாரத்தைச் சுற்றுங்கள், பிரசாதத்தை மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும், காய்ச்சல், தையலில் நீர் அல்லது சீழ்: இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ என்றால் உடனே 108.