நிணநீர் நாளங்களை மார்க்கர்களைக் கொண்டு அடையாளம் காண்பது எப்படி?

வழக்கமான ஹீமடாக்சிலின்-இயோசின் சாயமேற்றிய ஸ்லைடில் மெல்லிய சுவருடன் தெரியும் ஒரு பிளவு, நிணநீர் நாளமா, சிறு சிரையா, அல்லது பதப்படுத்தும்போது திசு சுருங்கியதால் உண்டான வெற்றிடமா என்று முடிவுசெய்வது அனுபவசாலிகளுக்கும் கடினம். அதற்குள் புற்றுநோய் செல்கள் கிடந்தால், நோயாளியின் அறிக்கையே அந்த முடிவைப் பொறுத்து அமையும். ஆகவே புரத மார்க்கர்களை, அதாவது ஒரு செல்வகையை அடையாளம் காட்டும் புரதங்களை, நாடுகிறோம். ஆனால் எந்தவொரு மார்க்கரும் நிணநீர் நாளத்துக்கு மட்டுமே உரியதன்று என்பதை மனத்தில் இருத்தியே தொடங்க வேண்டும்.

மனிதத் திசுவில் முதலில் போடவேண்டியது டி2-40 ஆன்டிபாடி. இது போடோபிளானின் என்ற சவ்வுப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். பாரஃபின் மெழுகில் பதித்த திசுவிலும் நன்றாக வேலை செய்யும். இரத்த நாளங்களின் உட்சுவர்ச் செல்கள் இதில் நிறம் ஏற்பதில்லை. இதனுடன் ப்ராக்ஸ்-1 என்ற உட்கருப் புரதத்துக்கான சோதனையைச் சேர்ப்பது நல்லது. 1999-இல், இதற்கான மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிக் கருக்களில் நிணநீர் மண்டலமே உருவாகவில்லை என்று கண்டறியப்பட்டது. இது உட்கருவில் பதிவதால், சவ்வில் பதியும் டி2-40-இன் முடிவைத் தனியாகச் சரிபார்க்க உதவும். அதே ஆண்டில் விவரிக்கப்பட்ட லைவ்-1, ஹயலூரோனனைப் பிணைக்கும் ஏற்பி. நுண்நாளங்களில் வலுவாகத் தெரிந்தாலும், பெரிய சேகரிப்பு நாளங்களில் குறைந்துவிடும், சில மேக்ரோஃபேஜ்களிலும் கல்லீரலின் சைனுசாய்டுகள் என்ற நுண் இரத்தவழிகளிலும் காணப்படும். நாள வளர்ச்சிக் காரணியின் ஏற்பியான விஇஜிஎஃப்ஆர்-3, கட்டிகளின் புதிய இரத்த நாளங்களிலும் தோன்றக்கூடும் என்பதால், புற்றுநோய்த் திசுவில் அதை மட்டும் நம்பி முடிவெடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

செய்முறை பிற இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி (ஆன்டிபாடி கொண்டு திசுவில் புரதத்தைக் காட்டும்) சோதனைகளைப் போன்றதே. சுமார் 4 மைக்ரான் தடிமனில் அடுத்தடுத்த துண்டுகளை வெட்டி, பாரஃபினை நீக்கி, வெப்பத்தால் ஆன்டிஜனை மீட்டெடுத்து, ஹைட்ரஜன் பெராக்சைடால் திசுவின் சொந்த பெராக்சிடேஸைத் தடுத்து, ஆன்டிபாடியை இட்டு, டிஏபி என்ற நிறமூட்டி கொண்டு பழுப்பு நிறம் வரவழைக்க வேண்டும். ஆன்டிபாடியின் நீர்ப்பு அளவையும் மீட்டெடுப்புக் கரைசலின் பிஎச் அளவையும் உங்கள் ஆய்வகத்திலேயே சோதித்து நிர்ணயியுங்கள். முதன்மை ஆன்டிபாடி இடாத ஒரு துண்டும், நோயற்ற பகுதியின் நிணநீர் நாளங்கள் உள்ள ஒரு துண்டும் கட்டுப்பாடுகளாக இருக்கட்டும்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது வாசிப்பில்தான். மார்பகத் திசுவை எடுத்துக்கொள்வோம். பால்நாளத்துக்குள் அடங்கிய புற்றுநோயைச் சுற்றியுள்ள மயோஎபிதீலியல் செல்களும் (பால்நாளத்தின் வெளி அடுக்கிலுள்ள, சுருங்கும் தன்மையுள்ள செல்கள்) டி2-40-இல் நிறம் ஏற்கும். அந்தப் பழுப்பு வளையம், நிணநீர் நாளத்துக்குள் கட்டி புகுந்ததைப் போலவே தோற்றமளிக்கும். அருகிலுள்ள துண்டில் பி63 என்ற உட்கருப் புரதத்துக்கான ஆன்டிபாடி போட்டால் மயோஎபிதீலியல் உட்கருக்கள் நிறம் ஏற்கும், நாளத்தின் உட்சுவர்ச் செல்கள் ஏற்கமாட்டா. நாள உட்சுவர்ச் செல்களின் மார்க்கரான சிடி31 போட்டால் நிலைமை நேரெதிர். நாள வளையத்தில் நிறம் மெல்லியதாகவும் இடைவிடாததாகவும் இருக்கும், உட்கருக்கள் தட்டையாகத் தெரியும். டி2-40, சிடி31 இரண்டிலும் சுற்றிலும் நிறமே இல்லையென்றால், சுருக்கத்தால் வந்த வெற்றிடம் என்றே கருத வேண்டும். சிறுநீரகத்தின் போடோசைட்டுகள் (வடிகட்டும் செல்கள்), நுரையீரலின் முதல்வகைக் காற்றறைச் செல்கள், மீசோதீலியம் ஆகியவையும் போடோபிளானினைக் கொண்டவை. விரைப்பையில் தோன்றும் செமினோமா போன்ற கட்டிகளின் செல்களே டி2-40-இல் நிறம் ஏற்பதால், அங்கே சிடி31-உடன் ப்ராக்ஸ்-1 இணையைத் தேர்வதே பொருத்தம்.

சுண்டெலித் திசுவுடன் பணிபுரிவோருக்கு ஓர் எச்சரிக்கை: டி2-40 சுண்டெலியின் போடோபிளானினை அறியாது, சுண்டெலிக்கு 8.1.1 என்ற ஆன்டிபாடிக் குளோனைப் பயன்படுத்துங்கள்.