தெரு வரைபடத்தில் காலத்தைப் படிக்கும்போது நேரும் தவறுகள்

நகரம் பரவப் பரவத் தெருக்களின் இணைப்பு எப்படி மாறுகிறது என்று ஆராய்பவர்கள் அதிகம் செய்யும் தவறு, இன்றைய வரைபடத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் போடுவது. அதில் நூறு வருடத் தெருவும் நேற்றுப் போட்ட தெருவும் கலந்து கிடக்கின்றன. பழைய முனைகள் (சந்திப்புகளும் முட்டுச்சந்துகளின் கடைசிகளும்) 9,000 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் சராசரியாக 2.5 தெருக்கள் சேர்கின்றன; இந்த எண் கூடினால் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். புதிதாக வந்த 1,000 முனைகளுக்குச் சராசரி 3.2. புதிய தெருக்கள் வெகுவாக மேம்பட்டிருக்கின்றன, ஆனால் மொத்தச் சராசரி 2.57தான். மொத்தத்தைப் பார்ப்பவர் எதுவும் மாறவில்லை என்றே எழுதுவார்.

அமெரிக்கத் தெருக்களைப் பற்றி பாரிங்டன்-லீயும் மில்லார்ட்-பாலும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சரியாகக் கையாண்டது. வீடு கட்டிய ஆண்டைச் சொல்லும் சொத்துவரிப் பதிவுகளையும் பயன்படுத்தி, தெருக்களைக் காலவாரியாகப் பிரித்தார்கள். பல பத்தாண்டுகளாகச் சரிந்துவந்த இணைப்பு 1990களின் நடுவில் திரும்பி, பிறகு வந்த தெருக்களில் ஏறத் தொடங்கியது அப்படித்தான் தெரியவந்தது. இதிலும் ஒரு கவனம் வேண்டும். பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டிய பகுதியில், வீட்டின் வயது தெருவின் வயது ஆகாது. வீடு போகும், தெரு இருக்கும். சான்பிரான்சிஸ்கோவுக்குக் கட்டடக் கலைஞர் டேனியல் பர்னம் 1905இல் புதிய திட்டமே போட்டுக் கொடுத்திருந்தார். 1906இல் நிலநடுக்கமும் தீயும் நகரத்தை அழித்த பின்பும் பெரும்பாலும் பழைய தெருக்களின் மேல்தான் மறுபடி கட்டினார்கள்.

அடுத்தது, முட்டுச்சந்துகளைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. ஒரு நீளச் சாலையிலிருந்து பத்து முட்டுச்சந்துகள் பிரிந்தால் பத்து முச்சந்திகள் கிடைக்கும். சந்திப்புகளை மட்டும் எண்ணினால் சராசரி 3, பார்க்க நன்றாகவே இருக்கும். பத்துச் சந்துகளின் கடைசிகளையும் சேர்த்தால் 2 ஆகிவிடும். அங்கே குடியிருப்பவருக்கு உண்மை அந்த இரண்டாவது எண்தான்: பின்வீட்டுக்குப் போகவும் சாலையைச் சுற்றித்தான் ஆக வேண்டும்.

வளைந்த தெரு என்றாலே இணைப்பு மோசம் என்று நினைப்பதும் தவறு. வளைவு வேறு, இணைப்பு வேறு.

எனக்கு முக்கியமாகப் படுவது நடைபாதை விஷயம். நியூஜெர்சியில் 1929இல் தொடங்கிய ராட்பர்ன் குடியிருப்பை, முட்டுச்சந்துப் புறநகரின் முன்னோடி என்று பலர் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். கார் போகும் சாலைகளை மட்டும் வரைந்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் அதை வடிவமைத்த கிளாரன்ஸ் ஸ்டீனும் ஹென்றி ரைட்டும் வீடுகளின் மறுபக்கத்தில் நடைபாதைகளும் பூங்காவும் வைத்து எல்லாவற்றையும் இணைத்திருந்தார்கள். பின்னால் வந்த பல மனைப்பிரிவுகள் முட்டுச்சந்தை எடுத்துக்கொண்டு நடைபாதையை விட்டுவிட்டன. 1934இல் அமைந்த அமெரிக்கக் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமும், தான் கடன் காப்பீடு தரும் மனைப்பிரிவுகளுக்குக் கட்டம் கட்டமான தெருக்கள் வேண்டாம் என்றே வழிகாட்டியது. ஆகவே இணைப்பின் இந்தச் சரிவை மக்களின் விருப்பம் என்றோ கார் வந்ததன் விளைவு என்றோ மட்டும் எழுதினால் பாதிக் காரணம் விடுபட்டுப்போகும்.

அப்புறம், எல்லைகள். ஆய்வுப் பகுதியின் ஓரத்தில் வரைபடத்தை வெட்டினால், வெளியே தொடரும் தெருக்கள் எல்லாம் முட்டுச்சந்தாகிவிடும். கொஞ்சம் பெரிய பகுதியை எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டு, பிறகு வெட்டுங்கள். நகர எல்லையும் நிலையானதல்ல. அமெரிக்காவின் ஹூஸ்டன் சுற்றுப்பகுதிகளைச் சேர்த்துச் சேர்த்து வளர்ந்த ஊர். அங்கே 1950ஐயும் 2000ஐயும் நகர எல்லையை வைத்து ஒப்பிட்டால் இரு வேறு நிலப்பரப்புகளைத்தான் ஒப்பிடுகிறோம்.

புதிய குடியிருப்பின் விளிம்பில் நிற்கும் முட்டுச்சந்தை நிரந்தரம் என்று உடனே பதிந்துவிடாதீர்கள். பக்கத்து நிலம் மனையாகும்போது நீட்டுவதற்காகவே சில தெருக்களை அப்படி விட்டுவைப்பார்கள். எல்லாம் நீளும் என்றும் நம்ப முடியாது. வண்டிகள் கூடும் என்று குடியிருப்போர் எதிர்த்தால் தடுப்பு வைத்து மூடிவிடுவார்கள். அதனால் இந்த வகைச் சந்துகளைத் தனியாகக் குறித்துவைத்து, பக்கத்து நிலம் கட்டப்பட்ட பிறகு இன்னொரு முறை பார்ப்பதுதான் சரி.